அவர் என்ன கண்டுபிடித்தார் என்று எழுதுங்கள்

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் மாணவிகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி நீங்கள் வெளியிடும் செய்திகளை வகுப்பில் படிக்கக் கொடுப்பேன். அந்த அம்மா காலையில் எத்தனை மணிக்கு எழுந்து சமைக்கிறார், வீட்டுக்காரர் எவ்வளவு ஒத்துழைக்கிறார் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. சரி, அவர் எதை ஆராய்கிறார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். செய்தியில் இருந்தால்தானே?

இது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின் 1964இல் நோபல் பரிசு பெற்றபோது, லண்டன் நாளிதழ் ஒன்று அவரை 'இல்லத்தரசி' என்றது. 2014இல் மங்கள்யான் விண்கலம் செவ்வாயை எட்டிய அன்று, இஸ்ரோவில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் பெண்கள் மகிழ்ந்த படம் உலகமெங்கும் போனது. எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் பூமியின் கட்டளைக்குக் காத்திராமல் அந்தக் கலம் தன் கோளாறைத் தானே சமாளிக்கும் ஏற்பாட்டுக்கு உழைத்தவர் இஸ்ரோ விஞ்ஞானி ரிது கரிதால் என்பது எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது?

எங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1929இல் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் இங்குள்ள பாஸ்டர் மருத்துவ ஆய்வு நிலையத்துக்கு வந்தார். பம்பாய் நெசவாலைகளில் வேலைசெய்த கர்ப்பிணிகளைக் கடுமையான ரத்தசோகை வாட்டியது. காரணம் கிருமியா, சாப்பாடா? அந்த ஏழைப் பெண்கள் சாப்பிட்ட மாதிரி உணவையே எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். குன்னூரிலும் பம்பாயிலுமாக வேலை நடந்தது. கடைசியில் ஈஸ்ட் சாறு கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பிற்பாடு தெரியவந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இருப்பது அதுவே. இந்தக் கதையைச் சொன்னால் என் வகுப்பில் சத்தமே இருக்காது. அவர் என்ன உடுத்தினார், என்ன சமைத்தார் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு ராத்திரி ஆய்வுக்கூடத்தில் இருப்பது எவ்வளவு சிரமம் என்பதும் எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே கேள்வியை ஆண் விஞ்ஞானியிடமும் கேளுங்கள்.

பிப்ரவரி 11 அறிவியலில் பெண்களுக்கான தினம், மார்ச் 8 மகளிர் தினம் என்று காத்திருக்காமல், சாதாரண நாளில் நிருபர்களை அனுப்புங்கள். முதல் கேள்வி ஆய்வைப் பற்றியதாக இருக்கட்டும். பதில் புரியவில்லை என்றால் தயங்காமல் மறுபடியும் கேட்கச் சொல்லுங்கள்.