ஆத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை, அந்தப் பக்கம் ஞாயித்துக்கிழமை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் பக்கத்துல ஒருத்தரு, மலேசியாவுல ஜொகூர் மாநிலம் மாதிரி நம்ம கெடா மாநிலமும் வெள்ளி சனி லீவ விட்டுட்டு சனி ஞாயிறு லீவுக்கு மாறணும்னு எழுதியிருந்தாரு. படிச்சதும் ஆமாலா, சரியாத்தான் சொல்றாருன்னு தலைய ஆட்டினேன். கையில இருந்த கோப்பி தீர்றதுக்குள்ள, ஐயோ வேணாமேன்னும் தோணிச்சி. ரெண்டும் எப்படி ஒரே ஆளுக்குத் தோணும்னு சொல்லத்தான் எழுதுறேன், நீளமா போச்சின்னா வெட்டிக்குங்க.

நாங்க இருக்கிறது பீடோங் பக்கம். வீட்டுக்காரரு தோட்டத்துல செம்பனை (பாம் ஆயில்) பழ லோரி ஓட்டுறாரு, அவருக்கு வாரத்துக்கு ஒரே லீவு, அது வெள்ளிக்கிழமை. புள்ளைங்க ரெண்டு பேருக்கும் கெடா ஸ்கூல் கணக்கு, வெள்ளி சனி. நான் வேலை செய்றது பிறையில ஒரு பேக்டரியில, மூடா ஆத்தத் தாண்டிட்டா பினாங்கு மாநிலம், பிறை அங்கதான், அங்க லீவு சனி ஞாயிறு. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, நாலு பேரும் ஒண்ணா வீட்டுல இருக்கிற நாள் எது? கிடையாது. வெள்ளிக்கிழமை நான் இல்ல, சனிக்கிழமை அவரு இல்ல, ஞாயித்துக்கிழமை நான் மட்டும் இருக்கேன், மீதி மூணு பேரும் இல்ல. ராஜேந்திர சோழன் 1025ல கப்பல் விட்டு வந்து கடாரத்தையே, அதான் நம்ம கெடாவையே, பிடிச்சாராம், அதே கடாரத்துல எனக்கு குடும்பத்தோட ஒரு நாளு பிடிக்க முடியல.

ஜொகூர்ல 2014ல வெள்ளி சனின்னு மாத்தினாங்க, பதினோரு வருஷம் கழிச்சி 2025 ஜனவரியில திரும்ப சனி ஞாயிறுக்கே வந்துட்டாங்க. இப்ப கெடா, கிளந்தான், திரங்கானு மூணு மாநிலம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை தொழுகை இருக்கு, அது அவங்களுக்கு முக்கியம், அதுல நான் குறை சொல்ல வரல. என் கஷ்டம் எல்லாம் அந்த ஆத்துப் பாலத்துல இருக்கு.

ஒரு உதாரணம். பெரியவனுக்கு பன்னெண்டு வயசு ஆச்சி, ஐசி, அதான் அடையாள அட்டை, எடுக்கணும். எனக்கு லீவு ஞாயிறு, கெடாவுல கவர்மென்ட் ஆபீஸ் ஞாயித்துக்கிழமை திறந்திருக்கும், அடடா என்ன வசதின்னு நினைச்சேன். ஆனா ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஸ்கூல். ஸ்கூல் விட்டு, யூனிபார்ம் மாத்தி, சோறு ஊட்டாத குறையா சாப்பிட வச்சி மோட்டார்ல கூட்டிட்டுப் போய் நின்னா, இன்னிக்கு நம்பர் முடிஞ்சி போச்சி அக்கா, நாளைக்கு வாங்கன்னாங்க. நாளைக்கு நான் பிறையில இருப்பேன். அடுத்த ஞாயிறு போனோம், நம்பர் கிடைச்சது, ஆனா கம்ப்யூட்டர்ல லைன் இல்ல, அரைமணி உக்காந்து பாருங்கன்னாங்க, ரெண்டு மணி நேரம் உக்காந்தோம், பையன் நாற்காலியிலயே தூங்கிட்டான். மூணாவது தடவ அவனுக்கு ஒரு நாள் ஸ்கூல் மட்டம் போட்டு காலையிலயே போய்தான் காரியம் ஆச்சி. போட்டோவுல அவன் மூஞ்சப் பாத்தா தெரியும், மூணு வாரத்து அலைச்சலும் அதுல இருக்கு.

கல்யாணம் வந்தா இன்னும் மோசம். ஈப்போ, கோலாலம்பூர் சொந்தக்காரங்க எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் தாலி கட்டு வைப்பாங்க, அவங்களச் சொல்லி என்ன பண்றது. போனா புள்ளைங்களுக்கு ஸ்கூல் போகும், போகலன்னா அத்தை வருஷம் பூரா சொல்லிக் காட்டும். ஸ்கூல் வாத்தியாரு ஒரு தடவ கேட்டாரு, ஏன்மா உங்க புள்ளைங்களுக்கு காய்ச்சல் எல்லாம் ஞாயித்துக்கிழமையே வருது. என்ன பதில் சொல்றது நான், சிரிச்சிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்காரரோட வெள்ளிக்கிழமையும் முழுசா அவருக்குக் கிடைக்குதான்னா அதுவும் இல்ல. வெட்டின குலைய ஒரு நாளுக்குள்ள மில்லுக்கு ஏத்திடணும், வச்சிட்டா அமிலம் ஏறி எண்ணெய் தரம் இறங்கிடும். பழம் அதிகமா இருக்கிற மாசம், மழையில தோட்டத்து ரோடு சேறாகி வியாழக்கிழமை ஏத்த முடியாத குலை எல்லாம் வெள்ளிக்கிழமை காலையில அவரு தலையில வரும். ஆனா லீவு கிடைச்ச வெள்ளிக்கிழமை இருக்கே, அன்னிக்கு அடுப்படி அவரு கையில. கெம்போங் மீன் வாங்கி, புளி கரைச்சி, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு கொழம்பு வைப்பாரு, புள்ளைங்க வெங்காயம் உரிக்கும். நான் ராத்திரி ஏழரைக்கு வந்து இறங்கும்போது எனக்குன்னு மூடி வச்ச ஒரு தலைத்துண்டு இருக்கும், மீன் தலைய இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல. அந்த சமையல நான் பக்கத்துல நின்னு பாத்ததே இல்லங்கறதுதான் எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

என் பக்கத்துக் கதை பேக்டரி பஸ்சு. காலையில அஞ்சு நாப்பதுக்கு ஜங்ஷன்ல நிக்கணும், ஒரு நிமிஷம் லேட்டுன்னாலும் டிரைவர் அங்கிள் ஹோர்ன் ஒரே ஒரு தடவதான் அடிப்பாரு. நாலாவது வரிசையில ஜன்னல் சீட்டுக்கு மேல ஏர்கோன் ஒழுகும். ஆறு மாசமா ஒழுகுது, யாரும் சரி பண்ணல. எங்க கூட வர்ற ஒரு அக்கா அதுக்கு ஒரு பிளாஸ்டிக் பைய டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கு. சுங்கைப்பட்டாணி தாண்டறதுக்குள்ள பை முட்டிக்கிட்டு நிக்கும், அக்கா எழுந்து கழட்டி, ஜன்னல் வழியா ஊத்திட்டு, திரும்ப ஒட்டிட்டு தூங்கிடும். கண்ணு கூட முழுசா திறக்காது. வெள்ளிக்கிழமை காலையில அந்த பஸ்சுல ஏறும்போதுதான் எரிச்சலா வரும், ஊரே தூங்குது, ஸ்கூல் பஸ் கூட இல்ல, நாங்க முப்பது பொம்பளைங்க மட்டும் ஆத்த தாண்டிப் போறோம்.

சரி, இவ்வளவு பொலம்பிட்டு ஏன் மாத்த வேணாம்னு தோணிச்சின்னு கேப்பீங்க. ஞாயித்துக்கிழமை காலையினாலதான் ஐயா.

ஏழு மணிக்கு புள்ளைங்க ஸ்கூல் வேன்ல ஏறிடும், அவரு அதுக்கு முன்னாடியே லோரிக்குப் போயிடுவாரு. கதவ சாத்திட்டு திரும்பினா வீட்டுல ஒரு சத்தம் இல்ல. பால் இல்லாத கோப்பி ஓ கலக்கி, பெரிய கப்புல, சக்கரை கொஞ்சம் கூடத்தான் போட்டுக்குவேன், கேக்க ஆளு இல்ல. வாசப்படியில உக்காந்தா ஜெராய் மலை தெரியும், மழைக்காலத்துல பாதி மேகத்துக்குள்ள இருக்கும், பாத்துக்கிட்டே கிரீம் கிராக்கர கோப்பியில முக்கி, உடைஞ்சி உள்ள விழறதுக்குள்ள வாயில போடணும். எட்டு மணிக்கு ரொட்டி பாய் மோட்டார் பீப் பீப்னு வரும், காயா (தேங்காப்பால் ஜாம்) வச்ச பன்னு ஒண்ணு வாங்குவேன், ஒண்ணே ஒண்ணு, புள்ளைங்களுக்கு சொல்றதில்ல. மின்னல் ரேடியோவுல பழைய பாட்டு. அப்பா இருந்தவரைக்கும் ஞாயிறு பேப்பர இந்த வாசப்படியிலதான் விரிச்சி வச்சி படிப்பாரு, அப்ப தமிழ் நேசன், 2019ல அது நின்னு போச்சி, இப்ப உங்களுது. சூப்பர்வைசர் அப்பப்ப போன் அடிப்பாரு, ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வர்றீங்களா, டபுள் சம்பளம்னு. காசு வேணும்தான், ஸ்கூல் வேன் காசு வேற ஏறிடுச்சி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போவேன், மத்த நாள்ல போன் அடிச்சா துணி காயப் போடறேன்னு சொல்லிடுவேன்.

சனி ஞாயிறு லீவுன்னு மாத்திட்டா புள்ளைங்க ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கும், அது நல்லதுதான். தோட்டத்துல அவருக்கும் வெள்ளிய விட்டு ஞாயிறு குடுப்பாங்களாங்கறது வேற கேள்வி, குடுக்கலன்னா மீன் கொழம்பும் போச்சி, என் காயா பன்னும் போச்சி. அதனால அந்த வாசகருக்கு நான் சொல்றது, மாநில லீவ மாத்தச் சொல்லி எழுதறதுக்கு முன்னாடி எங்க முதலாளிமாருங்களுக்கு எழுதுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போற கெடா ஆளுங்களுக்கு மாசத்துல ஒரே ஒரு வெள்ளிக்கிழமை லீவு குடுத்துட்டு, பதிலுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேலை வாங்கிக்கட்டும். ஒண்ணு போதும். மிச்ச மூணு ஞாயிறும் எனக்கு வேணும்.

மணி பன்னெண்டே முக்கா ஆச்சி. வேன் வர்ற நேரம், சோறு இன்னும் வடிக்கல.

இப்படிக்கு,
பேக்டரி பஸ் நாலாவது வரிசை,
பீடோங், கெடா