கடைக்கு வந்து சேராத இசைத்தட்டுகள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வுபெற்ற பின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். வெளிவந்த காலத்தில் யாரும் சீந்தாத பவர் பாப் (இனிய மெட்டும் முழங்கும் கிடாரும் சேர்ந்த ராக் வகை) ஆல்பங்களைத் தேடிக் கேட்பதில்தான் பெரும்பகுதி போகிறது.

அமெரிக்காவின் பிக் ஸ்டார் குழுவிலிருந்து தொடங்கினேன். மெம்ஃபிஸ் நகரின் ஆர்டென்ட் ஸ்டுடியோவில் பதிவான அவர்களுடைய முதல் ஆல்பம் 1972-இல் வந்தபோது விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் விநியோகப் பொறுப்பிலிருந்த ஸ்டாக்ஸ், கறுப்பினத்தவரின் சோல் இசையில் பெயர் பெற்ற நிறுவனம்; ராக் தட்டுகளைக் கடைகளில் சேர்ப்பது அதற்குக் கைவராததால், விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. 1974-இல் வந்த 'ரேடியோ சிட்டி'யும், ஸ்டாக்ஸுக்கும் அதன் விநியோகத்தை ஏற்றிருந்த கொலம்பியா நிறுவனத்துக்கும் இருந்த பிணக்கில் சிக்கி முடங்கியது. பாட்டில் குறையில்லை, லாரிதான் வரவில்லை என்பேன். முதல் ஆல்பத்தோடு விலகிய கிறிஸ் பெல்லின் தனிப்பாடல்களோ, 1978-இல் அவர் 27 வயதில் கார் விபத்தில் இறந்த பிறகு, 1992-இல்தான் முழு ஆல்பமாக வெளிவந்தன.

ஆயினும் என்னை அதிகம் கட்டிப்போட்டது, இல்லினாய் மாநிலத்து சையன் ஊரைச் சேர்ந்த ஷூஸ் குழுவின் 'பிளாக் வினைல் ஷூஸ்' (1977). வீட்டுக் கூடத்தில், நான்கே டிராக் (தனித்தனியே ஒலி பதியும் தடம்) கொண்ட டேப் ரெக்கார்டரில் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். நான்கு டிராக்கில் வேலை செய்பவர்கள், நிரம்பிய டிராக்குகளை ஒன்றாகக் கலந்து வேறொரு டிராக்குக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த குரலுக்கு இடம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் டேப்பின் இரைச்சல் கூடும், ஒலியின் கூர்மை மழுங்கும். கரகரக்கும் கிடாருக்கு மேல் கிசுகிசுப்பது போல அடுக்கடுக்காகக் குரல்கள் வந்து அமர்வதைக் கேட்டால், பெரிய ஸ்டுடியோவில் இந்த நெருக்கம் வாய்த்திருக்காது என்றே தோன்றுகிறது. பின்னர் எலெக்ட்ரா நிறுவனத்துக்காக 1979-இல் அவர்கள் செய்த ஆல்பம் இதைவிடத் துலக்கமாக ஒலிக்கிறது. ஆனாலும் எனக்கு 'பிளாக் வினைல் ஷூஸ்'தான் பிடிக்கிறது.

அதற்காக, மறக்கப்பட்டதெல்லாம் மாணிக்கம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நல்ல பாட்டும் ஒன்பது ஒப்பேற்றல்களுமாக வந்த ஆல்பங்கள் ஏராளம். அத்தகைய குழுக்களுக்கு, பலருடைய பாடல்களைச் சேர்த்துத் தரும் தொகுப்புகளே பொருத்தம்; சிகாகோவின் நியூமெரோ குரூப் என்ற இசைத்தட்டு நிறுவனம் 2005-இல் கொண்டுவந்த 'யெல்லோ பில்ஸ்: ப்ரீஃபில்' அப்படி ஒன்று.

ஷூஸ் ஆல்பத்தை மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக் கேள். டிரம்ஸ் சத்தம் சற்று மெலிந்திருப்பது உனக்கு உறுத்துகிறதா என்று எழுது. உனக்கு அந்தக் காது உண்டு.

அன்புடன்,
கண்ணன்