சூழ்ச்சிக்கு இரையானவர்களின் கதையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைச் சீனர்களின் 'முப்பத்தாறு உத்திகள்' பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை, எங்கள் கோயிலில் நான் நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்பின் மூத்த மாணவர்கள் ஆர்வத்தோடு படித்தார்கள். அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், அவற்றை எழுதியவர் சன் சூ என்று கட்டுரை குறிப்பிடுவது பிழை. சன் சூவின் போர்க்கலை நூல் வேறு. ஆசிரியர் பெயரின்றி வழங்கும் இத்தொகுப்பு அதற்கு மிகவும் பிற்பட்டது.

இதைவிட என்னை வருத்தியது, பிறரை ஏமாற்றி முன்னேறும் வழிகளாக மட்டுமே அவ்வுத்திகள் விளக்கப்பட்டிருப்பதாகும். அவை எப்படிப் பலித்தன என்பதை அறிய, ஏமாந்தவரின் அவையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

'வழி கேட்டுக் குவோவை அழித்தல்' என்பது இருபத்து நான்காம் உத்தி. குவோ நாட்டைத் தாக்க விரும்பிய ஜின் நாட்டுக் கோமகன் சியான், இடையில் இருந்த யூ என்னும் சிறு நாட்டின் வழியே படை செல்ல இசைவு வேண்டி, அமைச்சர் சுன் சியின் யோசனைப்படி அரிய ஜேடு கல்லையும் உயர்ந்த குதிரைகளையும் கி.மு. 658இல் அன்பளிப்பாக அனுப்பினான். யூ அரசன் இசைந்தான். கி.மு. 655இல் ஜின் மீண்டும் வழி கேட்டபோது, உதடு போனால் பல் குளிரில் நடுங்கும், குவோ அழிந்தால் யூவும் தப்பாது என்று யூவின் அமைச்சர் கோங் ஜீச்சி எச்சரித்தார். அரசன் செவிசாய்க்காததால் தம் சுற்றத்தோடு நாட்டை விட்டே வெளியேறினார். குவோவை அழித்துத் திரும்பிய ஜின் படை யூவையும் விழுங்கியது. கல் அப்படியே இருக்கிறது, குதிரைகளுக்குத்தான் வயதாகிப் பல் நீண்டுவிட்டது என்று ஜின் அவையில் பேசிக்கொண்டார்களாம். சூழ்ச்சி சுன் சியினுடையது. அதற்குக் கதவைத் திறந்தது யூ அரசனின் பேராசை.

கி.மு. 260இல் சாங்பிங் போரிலும் இதுவே நிகழ்ந்தது. அரணுக்குள் பொறுமையோடு காத்திருந்த சாவோ நாட்டுத் தளபதி லியான் போவை விலக்க, எதிரிகளான சின் நாட்டினர் பொன்னை இறைத்துச் சாவோ நாட்டில் வதந்தி பரப்பினர். அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்ட இளைஞன் சாவோ குவோவின் தாயே அரசனிடம் மன்றாடினாள்: இவன் தந்தை பரிசுகளைப் படைவீரர்களுக்குப் பகிர்ந்தளித்தார், இவனோ வீட்டில் பதுக்கி நிலம் வாங்குகிறான், இவனை அனுப்பாதீர்கள் என்றாள். அரசன் கேட்கவில்லை. சாவோ படை அழிந்தது.

நாம் வாழும் இந்த மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1767இல் பர்மாவுக்குள் நுழைந்து அன்றைய தலைநகர் ஆவாவை நெருங்கிய மிங் ரூயியின் சீனப் படையின் உணவு வழியைப் பர்மியத் தளபதி மகா தீஹ தூரா துண்டித்தார். இன்று பியின் ஊ ல்வின் எனப்படும் மேமியோ அருகே 1768 மார்ச்சில் அப்படை அழிந்தது. உத்திகளுக்குப் பெயர்பெற்ற நாட்டின் படைதான் அது. அதன்பின் இப்போரின் இடர்களை எடுத்துரைத்த ஷுஹெடே என்னும் மூத்த அதிகாரியைச் சீனாவின் சியான்லோங் பேரரசர் கடிந்து பதவியிறக்கினார். மறு ஆண்டு அனுப்பப்பட்ட படையும், 1769 டிசம்பரில் பாமோ அருகே கவுங்டோனில் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பியது.

கோங் ஜீச்சி, சாவோ குவோவின் தாய், ஷுஹெடே போன்றவர்களை நாம் இடித்துரைப்பவர்கள் என்கிறோம். இவர்களுள் ஒருவர் பெயர்கூட அக்கட்டுரையில் இல்லை. பிழையைத் திருத்தி, ஒவ்வோர் உத்தியோடும் அதற்கு இரையான நாட்டின் கதையையும் சேர்த்து ஒரு தொடராக வெளியிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் மாணவர்கள் அதை வகுப்பில் உரக்கப் படிப்பார்கள்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
யாங்கூன்