அந்தத் தாழ்ந்த காட்டை மட்டும் விட்டுவிடுங்கள்: நகராண்மைக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

எங்கள் பட்டணத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் புதுத் தாமான் (குடியிருப்பு) கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. வீடுகள் வரட்டும். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும்தான். ஆனால் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் மண் கொட்ட அனுமதி தராதீர்கள்.

மழை விட்டதும் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். மர வரிசைகளுக்கு நடுவே அடுக்கிப்போட்ட மட்டைகளுக்கு அடியில் தண்ணீர் தங்கி, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். மிச்சம், நம் பெரியவர்கள் மண்வெட்டியால் வெட்டிய கான் வழியே நிதானமாக ஆற்றுக்குப் போகும். அதே இடத்தில் கூரையும் தார் ரோடும் வந்தால், அவ்வளவு தண்ணீரும் சில நிமிடங்களில் லோங்காங்கில், அதாவது சாலையோர வடிகாலில், வந்து விழும். மேம்பாட்டாளர் தன் மனையைச் செம்மண் போட்டு உயர்த்திக்கொள்வார். புது வீடுகள் தப்பிக்கும். பக்கத்திலிருக்கும் பழைய லயத்து வீடுகளும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பள்ளமாகிவிடும்.

எங்களைப் போன்ற கடலோரப் பட்டணங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் பெருகும்போது மதகை மூடியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பெருமழை கொட்டினால் தண்ணீருக்குப் போக்கிடமே கிடையாது. கடல்மட்டம் ஏற ஏற, மதகு மூடிக் கிடக்கும் நேரமும் கூடத்தான் செய்யும்.

2021 டிசம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். மலேசியா முழுவதும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வெள்ளக் காலத்தின் இழப்பைப் புள்ளிவிவர இலாகா 610 கோடி ரிங்கிட் என்று கணக்கிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். தொழிற்சாலைகளுக்கு முந்திய காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை பெய்த பெருமழை, உலக வெப்பம் 2 டிகிரி கூடினால் அதே பத்தாண்டில் 1.7 தடவை பெய்யும் என்கிறது ஐநா பருவநிலைக் குழுவின் 2021 அறிக்கை.

விதிகள் இல்லாமல் இல்லை. கட்டிய பிறகு வெளியேறும் உச்ச வெள்ளம், கட்டுவதற்கு முன் இருந்ததைத் தாண்டக்கூடாது என்று வடிகால் இலாகாவின் மஸ்மா கையேடு சொல்கிறது. சரி, எந்த மழையை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? அப்பா காலத்து மழைப் பதிவை மட்டும் வைத்து வெள்ளத் தடுப்புக் குளத்தை அளந்தால், பேரன் காலத்து மழைக்கு அது போதாது. தீபகற்பத்தின் வருங்கால மழையைக் கணக்கிட, தேசிய நீர் ஆய்வுக் கழகமான நாஹ்ரிம் 2013-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதன்படி கணக்குப் போட்டுக் காட்டாத எந்த வரைபடத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், குளம் வெட்டினால் மட்டும் போதாது. எங்கள் பக்கத்தில் முன்பு வெட்டிய ஒரு குளத்தில் இடுப்பளவு புல் வளர்ந்து, வண்டல் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. தூர்வாருவது யார் பொறுப்பு, எந்தப் பணத்தில் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

வடிகால் வரைபடத்தை ஆலய மண்டபத்தில் மாட்டி, தமிழிலும் விளக்கச் சொல்லுங்கள். ஆட்சேபம் கேட்கும் கூட்டத்தை வேலைநாள் காலையில் வைக்க வேண்டாம். ஃபேக்டரி ஷிஃப்டில் இருப்பவர்களால் வர முடியாது. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அவர்கள் வீடுதான். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பழைய லயத்துக் குடியிருப்பாளர் ஒருவர்