ஓநாயில் தொடங்கி நரியில் வந்து நின்ற ஓர் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024/2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 சித்திரை தொடக்கம் 2025 பங்குனி வரை எமது இயற்கை ஆர்வலர் வட்டம் செய்தவற்றை இந்தப் பொதுக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதம் ஒரு கூட்டம் என்று நினைத்தோம், ஒன்பதுதான் கூடின. கார்த்திகைக் கூட்டம் நடக்கவேயில்லை. அந்த மாதக் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த மழையில் தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அங்கத்தவர் பலர் இடைத்தங்கல் முகாம்களுக்குச் சாப்பாட்டுப் பொதி கட்டிக்கொண்டு போனார்கள். அதைக் குறையாக நான் எழுதவில்லை.

ஆண்டின் முதல் கூட்டத்தில் இளம் அங்கத்தவர் ஒருவர் ஓநாயைப் பற்றி ஓராண்டு படிப்போம் என்று முன்மொழிந்தார். எதிர்த்தவன் நான்தான், கூட்டக் குறிப்பில் அது இருக்கிறது. இலங்கைக் காட்டில் ஓநாயே இல்லை, பிறகேன் ஓராண்டு என்று கேட்டேன். "ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம் எண்டு அம்மம்மா நாளுக்கு நாலு தரம் சொல்லுறா ஐயா. ஓநாயை எங்கட ஊரில கண்ட ஆக்கள் ஆர்?" என்றார் அவர். நாங்கள் காணாத ஒரு பிராணியைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரி, படிப்போம் என்று தீர்மானமாயிற்று.

முதலில் எங்கள் மனதில் இருந்த ஓநாயைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது. ஓநாய்க் கூட்டம் என்றால் அடித்துப் பிடித்துத் தலைமைக்கு வந்த ஒரு முரடன், அவனுக்குப் பயந்து திரியும் மற்றவர்கள் என்றே நினைத்திருந்தோம். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்துச் சொன்ன கதை அது. அந்தக் கருத்தைப் பரவச் செய்தவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், 1999இல் தாமே அதைத் திருத்தி எழுதினார். காட்டிலே கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: தாய், தகப்பன், இந்த ஆண்டுக் குட்டிகள், போன ஆண்டுக் குட்டிகள். அண்ணாவும் அக்காவும் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். தான் பரப்பியதைத் தானே திருத்திய அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டாயிற்று.

அப்புறம் அமெரிக்காவின் யெலோஸ்ரோன். ஆனியிலும் ஆடியிலும் இரண்டு கூட்டங்களை அதற்கே கொடுத்தோம். 1872இல் தேசியப் பூங்காவாக்கிய அந்த இடத்தில் 1926 அளவில் கடைசி ஓநாய்க் குட்டிகளையும் கொன்று முடித்தார்கள். கொன்றவர்கள் கள்ள வேட்டைக்காரர் அல்லர், அரசாங்கத்தின் ஆட்களேதான். ஓநாய் போனபின் எல்க் மான்கள் பெருகி, ஆற்றோரத்து வில்லோச் செடிகளைக் கடித்து மொட்டையாக்கின. வில்லோ இல்லாமல், நீரெலியைப் போன்ற, ஓடையில் அணை கட்டும் பீவருக்குப் பிழைப்பில்லை. 1995இல் 14, அடுத்த ஆண்டு 17 என்று கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மான்கள் குறைந்தன, சில இடங்களில் செடிகள் தலை நிமிர்ந்தன. ஓநாய் தின்று விட்ட மிச்சத்தில் அண்டங்காகமும் கழுகும் கரடியும் பசியாறின.

"ஓநாய் வந்து ஆற்றின் போக்கையே மாற்றிவிட்டது" என்று ஒரு காணொளி சொல்கிறது. எங்கள் அங்கத்தவர்கள் பாதிப்பேர் அதைப் பார்த்திருந்தார்கள், நானும்தான். ஆனால் 20 ஆண்டுக்கு மேல் அங்கே நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வொன்று வேறு விதமாகச் சொல்கிறது. பீவர் போய், அதன் அணைகள் உடைந்து, ஓடை ஆழமாகக் கீழே அரித்துவிட்ட இடங்களில் நிலத்தடி நீரும் இறங்கிவிட்டது. அங்கே ஓநாய் திரும்பி வந்தாலும் வில்லோ பழையபடி எழும்பவில்லை. மான் குறைந்ததற்கும் ஓநாய் மட்டும் காரணமல்ல. கரடி, மலைச்சிங்கம், பூங்காவுக்கு வெளியே நடக்கும் வேட்டை எல்லாம் சேர்ந்துதான். 70 ஆண்டு கழித்துத் திரும்பிய ஓநாய்க்கு, தான் விட்டுப்போன இடம் அப்படியே இருக்கவில்லை. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து ஆண்டுகள் கழித்துத் தன் காணிக்குத் திரும்பிய அங்கத்தவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் பேசாமலே இருந்தார். கலைந்து போகும்போது, "வளவு இருந்தது, கிணறு தூர்ந்து போச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஐல் றோயல் என்ற தீவைப் பற்றிய கூட்டத்துக்கு நெடுந்தீவு அங்கத்தவர்கள் இருவர் படகேறி வந்திருந்தார்கள். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் அந்தத் தீவில் ஓநாயையும் மூஸ் மானையும் 1958 தொடக்கம் எண்ணி வருகிறார்கள். 1980இல் 50 ஓநாய்கள், இரண்டே ஆண்டில் 14. காரணம் வீட்டு நாயிடமிருந்து தொற்றிய பார்வோ வைரஸ். அதன்பின் சொந்தத்துக்குள்ளேயே குட்டி போட்டு, முதுகெலும்பு கோணி, கடைசியில் இரண்டே இரண்டு மிஞ்சின. 2018, 2019இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுபோய் விட வேண்டி வந்தது. எங்கள் தெரு நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுவது மனிதருக்காக மட்டுமல்ல, பற்றைக்குள் இருக்கும் நரிக்காகவும்தான் என்ற பேச்சு அன்றைக்குத்தான் எழுந்தது.

புரட்டாதிக் கூட்டம் மிகவும் கனமாக இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய்கள் இரவில் வீடுகளுக்குள் புகுந்து குழந்தைகளைத் தூக்கிச் சென்ற செய்தி அப்போது நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. வனத்துறையினர் ட்ரோன் பறக்கவிட்டுத் தேடினார்கள். குழந்தையின் சிறுநீரில் நனைத்த பொம்மைகளைக் கூண்டருகே வைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் ஓநாய் இயற்கைக்கு நல்லது என்று சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. அதே நேரம், இந்தியாவில் ஓநாய்கள் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையில்தான் இருக்கும் என்று கணிக்கிறார்கள். அந்த நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், உச்சப் பாதுகாப்புத் தரும் முதலாம் அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் அது வாழும் புல்வெளிக்குத் தரிசு என்று பெயர். தரிசு என்று எழுதிய நிலத்தை யார் காப்பாற்றுவார்கள்? எங்கள் வடமராட்சி கிழக்கின் மணற்காட்டையும் நாகர்கோவிலையும் வெறும் மணல் என்று நினைத்து அள்ளுவோரைக் கண்ட எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மார்கழியில் சுவிஸிலிருந்து ஓர் அங்கத்தவரின் தமையனார் தொலைபேசியில் பேசினார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மட்டும் 20,000 அளவில் ஓநாய்கள் இருப்பதாகவும், அவர் இருக்கும் நாட்டில் 2023 தொடக்கம் குழுக்களாகவே சுடத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். மார்கழி 3ஆம் திகதி, ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காக்கும் பேர்ன் உடன்படிக்கையின் நாடுகள் வாக்களித்து ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி குறைத்தன. 2025 பங்குனி 7இல் அது நடைமுறைக்கும் வந்தது. செம்மறி வளர்ப்போரின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் மின்வேலியும் காவல் நாயும் ஒழுங்காகப் போடாத இடங்களில் துவக்கு முந்திவிட்டது என்றே நினைக்கிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இலங்கைக் காட்டில் இன்று இருக்கும் ஒரே நாயினக் காட்டுப் பிராணி நரி. அதற்கு நாங்கள் செய்திருப்பது என்ன? ஆவணி மூலத்துக்கு நரி பரியான கதை கேட்கிறோம். நரிக்கொம்பு வைத்திருந்தால் வழக்கில் வெல்லலாம் என்று நம்பி அதைக் கொல்வோரும் இருக்கிறார்கள். மண்டையோட்டில் எப்போதாவது தோன்றும் சிறு எலும்பு முளைதான் அந்தக் கொம்பு. அதை விற்பதைக் கண்டால் வாங்கவும் வேண்டாம், பேசாமல் போகவும் வேண்டாம் என்று அங்கத்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தை மாதம் தென்மராட்சியில் ஓர் அக்காவின் இரண்டு ஆட்டுக்குட்டிகள் ஒரே இரவில் போயின. நரிதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது, பொறி வைக்கவும் ஆயத்தமானார்கள். எமது அங்கத்தவர் இருவர் விடியப்புறம் போய், பட்டிக்குப் பின்னால் ஈர மண்ணில் கிடந்த அடித்தடத்தில் பிளாஸ்ரர் கரைத்து ஊற்றி அச்செடுத்தார்கள். நரியின் முன்காலில் நடு விரல்கள் இரண்டின் மெத்தைகளும் அடியில் ஒட்டியிருக்கும். இந்த அச்சில் நான்கு விரலும் தனித்தனி. அது நாய். அக்கா அச்சைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப பாவம் நரி" என்றார். பிறகு, "ஆனா குட்டி போனது போனதுதானே தம்பி, அதுக்கு ஆர் காசு தருவினம்?" என்றும் கேட்டார். 2023 மார்கழியில் 10 ஓநாய்களைக் காட்டில் விட்ட அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஓநாய் கொல்லும் கால்நடைக்கு அரசு பணம் கொடுக்கிறது. இங்கே அந்த அக்காவுக்காக நாங்கள் ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம், பதில் இல்லை. மாசியில் சிரமதானமாகப் போய்ப் பட்டியைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, கதியால் புதிதாக நட்டுக் கொடுத்தோம். அதன்பின் அங்கே குட்டி போகவில்லை.

பங்குனி நடுவில், மணற்காட்டுச் சவுக்குத் தோப்பின் ஓரம், நடு மெத்தைகள் ஒட்டிய தடம் ஒன்று கிடைத்தது. மண் காய்ந்திருந்ததால் அச்சு உதிர்ந்துவிட்டது. படம் மட்டும் இருக்கிறது, பின்வரிசையில் இருப்போருக்கும் இப்போது கைமாற்றித் தருகிறேன்.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு முன்மொழிவு. தங்கள் சிறுவயதில் நரி ஊளை கேட்ட இடத்தையும் கடைசியாகக் கேட்ட காலத்தையும் ஒவ்வோர் ஊரிலும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவோம். அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பதிவுக் கொப்பி என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்த இளம் அங்கத்தவரின் அம்மம்மா சொன்னதை எழுதியாயிற்று: பனங்கூடலுக்குள் பழம் விழும் நாட்களில், பொழுதுபட்டதும் ஊளை கேட்குமாம்.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் வைத்தவர்களுக்கும் நன்றி. அடுத்த கள நடை சித்திரை கடைசி ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு. ரோர்ச் லைற்றும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள், பிளாஸ்ரர் மா நான் கொண்டு வருகிறேன்.

செயலாளர்,
யாழ்ப்பாணம்.