சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு எத்தனை மணி நேரம்?

அன்புள்ள சந்திரன்,

என் மகளின் திருமணத்துக்குக் கட்டாயம் வருவதாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால், வான்வழியே 300 கிலோமீட்டர்தானே, விடியற்காலையில் புறப்பட்டு முகூர்த்தம் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு எனக்குக் கவலை தருகிறது.

தொலைவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரின் செப்பாங் விமான நிலையம் நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நகரத்துக்கு நகரம் அளந்தால் அது கொஞ்சம் கூடும். செப்பாங், கோலாலம்பூருக்குத் தெற்கே, உங்கள் பக்கமாகவே தள்ளி இருப்பதுதான் காரணம். வானில் மிச்சமாகும் அந்தத் தொலைவுக்கும் சேர்த்து, இறங்கியபின் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தரைவழியே வடக்கு நோக்கி வரவேண்டும். 1998இல் செப்பாங் திறக்கப்படும்வரை, நகருக்கு அருகிலிருந்த சுபாங்கில் இறங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.

மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஜெட் விமானம் இத்தொலைவை 25 நிமிடத்துக்குள் கடந்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் இவ்வளவு குறுகிய வழியில் பெரும்பகுதி நேரம் மேலேறுவதிலும் கீழிறங்குவதிலுமே கழிவதாலும், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு இருப்பதாலும், முழு வேகத்தில் பறக்க வாய்ப்பே குறைவு. உலகில் மிக நெரிசலான பன்னாட்டு வழித்தடங்களில் இதுவும் ஒன்று என்பதால் ஓடுபாதைக்கும் காத்திருக்க நேரும். ஆகவேதான் விமான நிறுவனங்கள் அட்டவணையில் ஒரு மணி நேரமும் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் குறிக்கின்றன.

இனி தரைக்கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து சாங்கிக்கு வரவேண்டும். பயணப்பதிவு முகப்பைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெரும்பாலும் மூடிவிடுவார்கள். இரு பக்கமும் குடிநுழைவுச் சோதனை உண்டு. செப்பாங்கின் முதல் முனையத்திலிருந்து கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம். எப்படிக் கூட்டினாலும் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. முகூர்த்தமோ காலை ஒன்பது மணிக்கு.

பேருந்து மலிவுதான்; சாலைவழி சுமார் 350 கிலோமீட்டர். ஆனால் வார இறுதியில் இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூட்டுவலியுள்ள அண்ணியைப் பெட்டியோடு இரண்டு சோதனைச்சாவடியிலும் இறங்கி ஏறச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. 2016இல் இரு அரசுகளும் ஒப்பந்தமிட்ட அதிவேக ரயில் மட்டும் வந்திருந்தால், உங்கள் ஜூரோங் ஈஸ்டிலேயே ஏறி 90 நிமிடத்தில் இங்கே இறங்கியிருப்பீர்கள். 2020 முடிவில் அத்திட்டம் கைவிடப்பட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் மூடப்படும்வரை அங்கிருந்து நமக்கு இரவு ரயிலாவது இருந்தது: ஏறிப் படுத்தால் காலையில் ஊர், எத்தனை மணி நேரம் என்று எண்ணவே தோன்றாது.

எனவே முந்தைய நாள் நண்பகல் விமானத்துக்கே இருவருக்கும் சீட்டு எடுங்கள். இரவு நம் வீட்டில் தங்கலாம். மாடியறையை ஒழித்து வைத்திருக்கிறோம். விமானம் எந்த முனையத்துக்கு வருகிறது என்பதை மறவாமல் தெரிவியுங்கள். கேஎல் சென்ட்ரலுக்குத் தம்பி மகன் காரோடு வந்துவிடுவான்.

அன்புடன்,
இராமநாதன்