அந்த சோடாக்காரப் பையன் மூஞ்சிய நான் பாக்கல

கண்ணு,

நல்லாயிருக்கியா. நானும் அம்மாவும் இங்க நல்லாயிருக்கோம். நேத்து நான் வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோல இருந்த பேரப் பாத்துட்டு "இவரு சினிமால வில்லனா வருவாரே அவருதானப்பா, இவருக்கெதுக்கு பத்மஸ்ரீ"ன்னு கேட்டியே, எனக்கு சட்டுன்னு பதில் சொல்ல வரல, தொண்டைய அடைச்சிருச்சு. உன் மேல கோவமெல்லாம் இல்ல சாமி. உனக்கு விவரம் தெரியறதுக்குள்ள அவரு கால்பந்து ஆடி முடிச்சிட்டாரு, உன் தலைமுறைக்கு ஐ.எம்.விஜயன்னா முறைச்சுப் பாக்கற வில்லன்தான். ஃபோன்ல சொன்னா பாதில சிக்னல் போயிரும் இல்ல உனக்கு மீட்டிங் வந்துரும், அதான் ராத்திரி தூக்கம் வராம உக்காந்து டைப் பண்ணிட்டிருக்கேன், பொறுமையா படி.

நான் பதினெட்டு வயசுல திருச்சூர்ல உங்க சின்ன தாத்தாவோட பாத்திரக்கடைல ரெண்டு வருஷம் இருந்தேன்னு உனக்குத் தெரியும். 80, 81 வாக்குல. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா எனக்குப் போக்கிடம் ஒண்ணே ஒண்ணுதான், முனிசிபல் ஸ்டேடியம். திருச்சூர்காரங்களுக்கு பூரம் எப்படியோ அப்படித்தான் பந்தாட்டமும், ஊர் நடுவுல ஸ்வராஜ் ரவுண்டு ரோட்டுல எந்தக் கடைல நின்னாலும் முந்தின நாள் மேட்சப் பத்திதான் பேச்சு, கஸ்டமர் நிக்கறதக்கூட கவனிக்காம பேசுவாங்க. சாக்கோலா டிராஃபின்னு அங்க நடக்கற பந்தாட்டப் போட்டி வந்துட்டா கேக்கவே வேண்டாம், உக்கார எடம் கெடைக்காது, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சிட்டுத்தான் பாக்கணும்.

அங்க பசங்க சோடா வித்துட்டு வருவாங்க. பத்து வயசு பன்னெண்டு வயசு இருக்கும், ஒல்லியா, கால்ல செருப்பு இருக்காது. ஒரு கைல பக்கெட், இன்னொரு கைல ஓப்பனர், அத பாட்டில் மேல வரிசையா ஓட்டுவாங்க, கிர்ர்ருன்னு ஒரு சத்தம் வரும், சோடா வந்திருச்சுன்னு அத வெச்சுதான் தெரியும். சோடா வாங்கினா காலி பாட்டில திருப்பிக் குடுக்கணும், அதனால நாம குடிச்சு முடிக்கற வரைக்கும் அந்தப் பையன் பக்கத்துலயே நிப்பான். நிக்கறப்போ நம்மளப் பாக்க மாட்டான், கிரவுண்டத்தான் பாப்பான். பாட்டில நீட்டினாக்கூட ரெண்டு தடவ கூப்பிட்டாதான் திரும்புவான், அப்படி வாயப் பொளந்து பாத்துட்டு நிப்பான்.

ஒரு நாள் கார்னர் கிக் எடுக்கற நேரம், ஒரு பையன் என் முன்னாடி வந்து அப்படியே நின்னுட்டான். நான் "டேய் மறைக்காத, தள்ளு"ன்னு முதுகுல கைய வெச்சுத் தள்ளிவிட்டேன். பக்கெட்டு சாஞ்சு ரெண்டு பாட்டில் உருண்டு ஓடுச்சு. ஒண்ணுமே சொல்லாம குனிஞ்சு எடுத்துட்டுப் போயிட்டான். அன்னைக்கு அது எனக்கு ஒரு விஷயமாவே படல, கோல் விழுந்துச்சா இல்லையாங்கறதுதான் கவலை. ஒரு பாட்டிலுக்கு பத்து பைசாதான் அந்தப் பசங்களுக்குக் கெடைக்கும்ங்கறதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது.

அப்புறம் நான் கோயமுத்தூர் வந்துட்டேன், வேலை, கல்யாணம்னு ஓடிருச்சு. 1990ல ஃபெடரேஷன் கப், அதான் நம்ம நாட்டு பந்தாட்ட டீமுங்க மோதற போட்டி, அதோட ஃபைனல் திருச்சூர்லன்னு கேள்விப்பட்டதும் நாங்க நாலு பேரு ரயிலேறிப் போயிட்டோம், உங்கம்மாகிட்ட கம்பெனி வேலைன்னு பொய் சொல்லிட்டுத்தான் போனேன், இப்ப அவளுக்குத் தெரியும். கேரளா போலீசும் கோவா சல்கோகரும் ஆடினாங்க. போலீஸ் டீம்ல சத்யன், ஷரஃப் அலி, பாப்பச்சன், குரிகேஷ் மேத்யூன்னு ஒவ்வொருத்தரும் ஒரு தூண் மாதிரி, அதுல கறுப்பா ஒரு பையன், விஜயன்னு பேரு, இருவத்தியொரு வயசு. பந்து அவன் கால்ல வந்தா ஸ்டேடியமே எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு பேரு நடுவுல போவான், எப்படிப் போனான்னு யோசிக்கறதுக்குள்ள மூணாவது ஆளத் தாண்டியிருப்பான், நம்ம கழுத்துதான் வலிக்கும். ரெண்டுக்கு ஒண்ணுன்னு போலீஸ் ஜெயிச்சுது. எனக்குப் பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் அழுதுட்டே மலையாளத்துல சொன்னாரு, இந்தப் பையன் இதே கிரவுண்டுல சோடா வித்தவன், நானே இவன்கிட்ட வாங்கிக் குடிச்சிருக்கேன்னு.

எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு கண்ணு. சுத்தி எல்லாரும் குதிக்கறாங்க, நான் மட்டும் அப்படியே உக்காந்துட்டேன். நான் தள்ளிவிட்ட பையன் இவன்தானா, வேற யாரோவா. எவ்வளவு யோசிச்சுப் பாத்தும் அந்த மூஞ்சி எனக்கு வரல. ஏன்னா நான் பாக்கவே இல்ல. முதுகு ஞாபகம் இருக்கு, பக்கெட் ஞாபகம் இருக்கு, மூஞ்சி இல்ல. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் எனக்குத் தெரியாது, இனிமே தெரியவும் போறதில்ல.

அதுலருந்து நான் அந்த மனுஷன விடல. பேப்பர்ல ஒரு வரி வந்தாலும் கட் பண்ணி வெப்பேன், பீரோல அம்மா சேலைக்குக் கீழ ஒரு ஃபைல் இருக்கு பாரு, அதான். பதினேழு வயசுல அவர போலீஸ் டீமுக்கு எடுத்தது அப்ப டிஜிபியா இருந்த எம்.கே.ஜோசப், அவரு கண்ணுல படலேன்னா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சாலே திக்குங்குது. அப்புறம் கல்கத்தா போனாரு, மோகன் பகான் கிளப்புல ஆடினாரு, அந்த ஊர்க்காரங்க எவ்வளவு பெரிய ஆட்டக்காரங்களப் பாத்தவங்க, அவங்களே இவருக்கு காலோ ஹரிண்னு பேரு வெச்சாங்க, கறுப்பு மான்னு அர்த்தம். அந்த ஓட்டத்தப் பாத்தவங்களுக்கு அந்தப் பேரு ஏன்னு சொல்லவே வேண்டாம். பஞ்சாப்ல ஜேசிடி டீமுக்கு ஆடினப்போ நம்ம நாட்டோட மொத நேஷனல் லீக் 1996-97ல அந்த டீமுக்குத்தான் வந்துச்சு, பைச்சுங் பூட்டியா, ஜோ பால் அஞ்சேரின்னு பெரிய ஆட்டக்காரங்களும் இவரும் ஒரே டீம், நெனைச்சுப் பாரு. இந்தியாவோட பெஸ்ட் பிளேயர்னு மூணு தடவ, 93, 97, 99. அந்த 99லதான் காத்மாண்டுல பூடானுக்கு எதிரா பன்னெண்டாவது செகண்ட்ல கோல் போட்டாரு. பன்னெண்டு செகண்ட்டுடா, நான் இங்க கண்ணாடிய எடுத்து மாட்டறதுக்குள்ள.

2003 ஹைதராபாத் ஆஃப்ரோ ஏஷியன் கேம்ஸ் உனக்கு ஞாபகமிருக்காது, நீ ரெண்டாவது படிச்சிட்டிருந்த, என் மடில தூங்கிட்ட. அப்ப அவருக்கு முப்பத்திநாலு வயசு, இனிமே என்னன்னு பேசிட்டிருந்தாங்க, நாலு கோல் போட்டாரு. ஃபைனல்ல உஸ்பெகிஸ்தான்கிட்ட ஒரு கோல்ல தோத்தோம், வெள்ளிதான். அதோட இந்தியா சட்டைய கழட்டிட்டாரு. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல, அம்மாகிட்ட வேணும்னா கேட்டுப் பாரு.

நீ அனுப்பின அந்த வெளிநாட்டு கிளப் சட்டைய நான் பத்திரமாத்தான் வெச்சிருக்கேன், தப்பா எடுத்துக்காத, அவங்க ஆட்டமும் பாக்கறேன், அருமையாத்தான் ஆடறாங்க. ஆனா அவங்கள்லாம் டிவில இருக்கற ஆளுங்க. இவரு அப்படி இல்ல. மரடோனா 2012ல கண்ணூர் வந்தாரு, அந்த மேடைல நம்ம விஜயனும் அவரும் பந்தத் தட்டி வெளையாடினாங்க, நான் டிவி முன்னாடி நின்னுட்டே பாத்தேன், உக்காரத் தோணல.

2025ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த வருஷமே ஏப்ரல் கடைசில போலீஸ் வேலைலருந்தும் ரிட்டையர் ஆயிட்டாரு. அந்த செய்தி வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளல, பழைய சிநேகிதர் ஒருத்தரக் கூட்டிட்டு காலைல ரயில்ல திருச்சூர் போயிட்டேன். அவரப் பாக்கணும்னெல்லாம் போகல, பாத்தா என்ன பேசறதுன்னும் தெரியாது. ஸ்டேடியம் பக்கத்துல ஒரு டீக்கடைல உக்காந்தோம். ஏழெட்டு பேரு, எல்லாம் என் வயசு, ரெண்டு மூணு பேரு என்ன விட மூத்தவங்க. அங்க யாரும் அவர சார்னு சொல்லல, பத்மஸ்ரீன்னும் சொல்லல, "நம்மட விஜயன்", அவ்வளவுதான். ஒருத்தர் டம்ளர கோல்போஸ்ட் மாதிரி வெச்சு, பிஸ்கட்ட பந்தா வெச்சு, முதுகக் காட்டிட்டே பந்த எப்படித் திருப்பி அடிச்சாருன்னு காட்டினாரு. இன்னொருத்தர் இல்ல இல்ல எடது கால்லன்னு சண்டைக்கு வந்துட்டாரு. முப்பது வருஷத்துக்கு முந்தின கோல், நேத்து நடந்த மாதிரி சண்டை போடறாங்க! பட்டம் பதவியெல்லாம் அரசாங்கம் குடுக்கும், இப்படி உக்காந்து சண்டை போடறதுக்கு நாலு பேர யாரு குடுப்பா.

அவங்கதான் லாலூர் போய்ட்டு வாங்கன்னு சொன்னாங்க, ஆட்டோல போனோம். நான் இருந்த காலத்துல லாலூர்னாலே மூக்கப் பொத்திக்குவாங்க, திருச்சூர் குப்பை மொத்தமும் அங்கதான் போகும். இப்ப அந்த எடத்துல பெரிய ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் கட்டி அவரு பேரு வெச்சிருக்காங்க. உயிரோட இருக்கறப்பவே, சொந்த ஊர்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, கூட வந்தவரு பாக்கக்கூடாதுன்னு அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டேன். நான் உனக்கு அனுப்பின போட்டோ அங்க எடுத்ததுதான், பேருக்குக் கீழ நிக்கறனே, மூஞ்சி ஏன் அப்படி இருக்குன்னு அம்மா கேட்டா, வெயில்னு சொல்லிட்டேன்.

டிசம்பர் லீவுக்கு வரும்போது ஒரு நாள் எனக்காக ஒதுக்கு, ரெண்டு பேரும் போய்ட்டு வரலாம், கோயமுத்தூர்லருந்து மூணு மணி நேரம்கூட ஆகாது. அந்த டீக்கடையும் காட்டறேன். அப்புறம் அந்த பூடான் மேட்ச் வீடியோ எங்கயாவது கெடைக்குதான்னு தேடிப் பாரு, எனக்குத் தேடத் தெரியல, கெடைச்சா ஒடனே அனுப்பு, ராத்திரி எத்தன மணியானாலும் பரவால்ல, முழிச்சிட்டுத்தான் இருப்பேன்.

அப்பா